புதுப்பிப்பு: ஆண்டு பட்ஜெட் ஒருவழியாகத் தயார்

சிறு தொழிலுக்கு ஆண்டு பட்ஜெட் போடும்போது விற்பனையில் தொடங்குவதா, செலவில் தொடங்குவதா என்று முன்பு கேட்டிருந்தேன். பெரும்பாலானோர் செலவு என்றீர்கள். அப்படியே செய்தேன்.

வாடகை, சம்பளம், காப்பீடு போன்ற நிலையான செலவுகளை முதலில் எழுதினேன். 100 ரூபாய் விற்றால் 60 சரக்குக்கே போகிறது, மிச்சம் 40. நிலையான செலவை அந்த 40-இல்தான் சமாளிக்க வேண்டும். ஆகவே நிலையான செலவை 0.4 ஆல் வகுத்தால், நட்டமில்லாமல் தப்பிக்கத் தேவையான விற்பனை தெரிந்துவிடும். இந்த ஒரு எண் கிடைத்ததும் விற்பனை இலக்கு பற்றிய கனவெல்லாம் தரைக்கு வந்துவிட்டது!

அப்புறம், லாபக் கணக்கையும் பணவரத்தையும் (கைக்குப் பணம் வருவதும் போவதும்) தனித்தனியாகப் போடச் சொன்னவருக்குத் தனி நன்றி. கடன் தவணையில் வட்டி மட்டும்தான் செலவு; அசல் லாபக் கணக்கில் வராது, ஆனால் பணம் கையை விட்டுப் போகிறது. தேய்மானம், அதாவது இயந்திரம் போன்றவற்றின் மதிப்பு ஆண்டுதோறும் குறைவது, நேர் எதிர்: லாபக் கணக்கில் செலவாக வரும், ஆனால் பணம் கையை விட்டுப் போகாது. கடனுக்கு விற்ற தொகையும் வசூலாகும் மாதத்தில்தான் பணவரத்தில் ஏறும். இப்படிப் பிரித்ததில், ஏட்டில் லாபம் காட்டும் இரண்டு மாதங்களில் கையிருப்பு வறண்டுபோவது தெரிந்தது. புது இயந்திரம் வாங்குவதை அதற்குப் பிறகு தள்ளிவைத்துவிட்டேன்.

வாடிக்கையாளரிடம் வசூலிக்கும் வரியை வருமானத்தில் சேர்க்கவில்லை; அது நம் பணமே இல்லை. எனக்கான சம்பளத்தையும் செலவில் போட்டுவிட்டேன், இதில் பேரம் கிடையாது.

மாதக் கடைசியில் திட்டத்தையும் நடப்பையும் ஒப்பிடப் போகிறேன். முதல் காலாண்டு முடிந்ததும் வித்தியாசங்களை இங்கேயே எழுதுகிறேன்.