செக் ரிட்டர்ன் ஆகிவிட்டது, பார்ட்டி ‘மறுபடி போடுங்க’ என்கிறார். காத்திருக்கலாமா?

ஓ.ஈ. மில், பல்லடம்:
வணக்கம். ஓப்பன் எண்ட் (ஓ.ஈ.) நூல் மில் நடத்துகிறேன். சோமனூர் தறிக்காரர் ஒருவருக்கு நூல் கொடுத்த பில் 4,00,000, 5% ஜிஎஸ்டியோடு 4,20,000 ரூபாய். பிப்ரவரி 10 தேதியிட்ட செக், கணக்கில் பணமில்லை என்று மார்ச் 3 திரும்பிவிட்டது. ‘இப்போ ஒரு லட்சம் அனுப்பறேன், மே கடைசில மறுபடி போடுங்க’ என்கிறார். ஒத்துக்கொண்டால் கேஸ் போடும் உரிமை போய்விடுமா? மார்ச்சுக்குள் வாராக்கடன் எழுதலாமா? ஜிஎஸ்டி திரும்பக் கிடைக்குமா? உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) உண்டு.

வக்கீல், கோவை:
ஒத்துக்காதீங்க சார். செக்குக்கு ஆயுள் 3 மாதம்தான், மே 9-க்கு மேல் பேங்க் வாங்காது. அதற்குள் எத்தனை முறை போட்டாலும் சரி, ஒவ்வொரு ரிட்டர்னுக்கும் பணம் கேட்டு நோட்டீஸ் விட புதிதாக 30 நாள் உண்டு. மே கடைசி என்றால் செக்கும் செத்துவிடும், முதல் ரிட்டர்னுக்கான 30 நாளும் ஏப்ரல் 2-லேயே முடிந்திருக்கும். பிறகு செக் ரிட்டர்னுக்கான 138-வது பிரிவில் (மாற்றுமுறை ஆவணச் சட்டம்) கிரிமினல் கேஸே இல்லை, சிவில் கோர்ட்தான்.

ஏப்ரல் 2-க்குள் அனுப்பிய நோட்டீஸ் ஏப்ரல் 10 அவர் கைக்குப் போனால், பணம் கட்ட ஏப்ரல் 25 வரை 15 நாள். அது முடியும் முன் புகார் கொடுத்தால் நிற்காது. முடிந்தபின் ஒரு மாதம் உண்டு, மே 25-ஐத் தாண்டவிடாதீங்க. உங்கள் பேங்க் கிளை இருக்கிற ஊர் கோர்ட்டிலேயே போடலாம்.

நோட்டீஸில் கேட்கும் செக் தொகை 4,20,000 என்று சரியாக இருக்கணும். வட்டி கேட்பதானால் தனியாகக் காட்டுங்க. 2025-ல் உச்ச நீதிமன்றம் ‘டைப்பிங் பிழை’ என்ற சமாதானத்தைக்கூட ஏற்கவில்லை.

அந்த ஒரு லட்சத்தில்தான் பலர் மாட்டுகிறார்கள். வாங்கிக்கொண்டு அதே செக்கை முழுத்தொகைக்குப் போட்டால், அன்றைக்கு அவ்வளவு கடனே இல்லை என்று கேஸ் விழும். வாங்குவதானால் ஏப்ரல் 2-க்குள் மீதி 3,20,000-க்குப் புதுச் செக் வாங்கிடுங்க.

கணக்கர், ஈரோடு:
ரசீது என்ட்ரியை அழிக்க வேண்டாம். ரிட்டர்ன் தேதியில் பார்ட்டிக்கு டெபிட், பேங்குக்கு கிரெடிட். ரிட்டர்ன் சார்ஜ் தனி. கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைக்கும் சீட்டு) போடவே கூடாது. சரக்கு திரும்பவில்லை, விலையும் குறையவில்லை, பணம் வராததற்கு ஜிஎஸ்டியில் கிரெடிட் நோட் கிடையாது. கட்டிய 20,000 திரும்பாது. கிரெடிட் நோட்டால் லெட்ஜரில் பாக்கி பூஜ்யமானால் கோர்ட்டில் எதிர்த்தரப்பு அதைத்தான் நீட்டும்.

பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் தராவிட்டால், அவர் எடுத்த 20,000 இன்புட் கிரெடிட்டை (கொள்முதலுக்கான ஜிஎஸ்டிக் கழிவு) வட்டியோடு திருப்பணும். இதைச் சொல்லிப் பாருங்க, சிலர் இதற்கே அசைவார்கள்.

வாராக்கடனை புத்தகத்தில் நிஜமாகவே தள்ளினால்தான் வருமான வரியில் கழிவு. ‘ஒதுக்கீடு’ என்று நிறுத்தினால் கிடைக்காது. தள்ளிய பிறகும் வசூல் உரிமை போகாது, வந்தால் அந்த வருட வருமானம். ஆனாலும் ஒரு மாதம் ஆகாத ரிட்டர்னுக்கு இந்த மார்ச்சிலேயே தள்ளுவது அவசரம் என்பேன்.

சிறுதொழில் ஆலோசகர்:
நீங்கள் உற்பத்தியாளர், அதனால் எம்எஸ்எம்இ சட்டமும் கைகொடுக்கும். பணம் தர எழுத்தில் கெடு இல்லையென்றால் 15 நாள், இருந்தாலும் 45-க்கு மேல் செல்லாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, மாதக் கூட்டுவட்டி. பில்லுக்கு முன்பே உத்யம் பதிவு இருந்ததா?

ஓ.ஈ. மில், பல்லடம்:
இருந்தது. செக் அவர்கள் ஃபர்ம் பெயரில், ஒரு பார்ட்னர் கையெழுத்து. நோட்டீஸ் யாருக்கு?

வக்கீல், கோவை:
ஃபர்முக்கும் கையெழுத்துப் போட்டவருக்கும், இரண்டையும் தனித்தனியாக ஸ்பீட் போஸ்ட்டில். டிராக்கிங் ரிப்போர்ட்டை அன்றே பிரிண்ட் எடுத்து வைங்க.