இமையில் ஹீமாஞ்ஜியோமா: மருந்து கொடுத்தவர்கள் சொல்லுங்களேன்

பாப்பா குறைமாதத்தில் பிறந்தவள். பிறந்த சில நாளில் மேல் இமையில் சின்னதாக ஒரு சிவப்புப் புள்ளி. மூன்றாம் மாதத்தில் அது கோவைப்பழம் போலப் புடைத்து, கண்ணைப் பாதி மூடுகிறது. இது ஹீமாஞ்ஜியோமா, அதாவது ரத்தக்குழாய்க் கட்டிதான், புற்றுநோய் இல்லை என்கிறார் டாக்டர். முதல் 5 மாதத்தில் வேகமாக வளருமாம், அப்புறம் சில வருடங்களில் தானே சுருங்குமாம். ஆனால் கண்ணை மறைத்தால் பார்வை கெடும் என்பதால் கட்டியைச் சுருக்கும் புரோப்ரனோலால் சிரப் எழுதியிருக்கிறார்.

காரணம்? நான் கிரகணத்தன்று வெளியே போனதுதான் என்கிறார் மாமியார்! டாக்டர் சொல்வதோ, குறைமாதம், எடைக்குறைவு, பெண் குழந்தை என்றால் வாய்ப்பு அதிகமாம்.

இந்த மருந்தால் ரத்தத்தில் சர்க்கரை இறங்காமலிருக்க, பால் கொடுத்தபின்தான் கொடுக்கணுமாம். இவளோ ராத்திரி குடிக்காமலே தூங்கிவிடுகிறாள். நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்? நிறுத்தியதும் மறுபடி வீங்கியதா?