லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் படம் ரிட்டர்ன் ஆஃப் தி கிங்: எந்த டிவிடி வாங்க?

ஜெலுத்தோங்காரன்: அண்ணே, கொம்தார் பக்கம் ஒரு பழைய கடையில ரெண்டு பெட்டி கண்ணுல பட்டுச்சு. ஒண்ணுல ரெண்டு தட்டு, இன்னொண்ணுல நாலு. நாலு தட்டு விலைய கேட்டா தலை சுத்துது. தியேட்டர்ல பார்த்ததுலேருந்து ஒரே உறுத்தல், அந்த வில்லன் மந்திரவாதி சாருமான் என்னதான் ஆனான்? எத வாங்க?

புக்கிட் மெர்தாஜாம் அண்ணன்: நாலுதான் தம்பி, யோசிக்காத. தியேட்டர்ல 201 நிமிஷம், இதுல 251. சாருமான் கோபுரத்துலேருந்து விழுறது இதுலதான் இருக்கு. அத தியேட்டர்ல வெட்டிட்டாங்கன்னு சாருமானா நடிச்ச கிறிஸ்டோபர் லீக்கே கோபம். படம் ரெண்டு தட்டுல பாதி பாதியா வரும், நடுவுல எழுந்து தே தாரிக் கலக்கிக்கலாம். மீதி ரெண்டும் படம் எடுத்த கதை.

செந்தூல் அக்கா: முதல்ல அட்டைக்குப் பின்னால பூமி உருண்டைக்குள்ள இருக்குற எண்ணப் பாரு. எந்த ஊரு பிளேயர்ல ஓடும்னு சொல்ற எண் அது. நம்ம மலேசியாவுக்கு 3. என் மச்சான் லண்டன்லேருந்து 2 கொண்டாந்தாரு, பிளேயர் துப்பிடுச்சு. இன்னும் அலமாரியில அழகா நிக்குது.

ஜெலுத்தோங்காரன்: 3தான் அக்கா! வாங்கிட்டேன். அம்மாகிட்ட விலைய பாதியா சொல்லியிருக்கேன்.