ஏடிவிக்கு ஹீட்டட் கிரிப்: வாங்கும் முன்பும் மாட்டும்போதும்

கேள்வி: வணக்கம். குளிர் நாட்டில் எனக்கு இது முதல் குளிர்காலம். வாசலில் சேரும் பனியைத் தள்ள ஒரு பழைய ஏடிவி (பைக் மாதிரி ஹேண்டில்பார் உள்ள நான்கு சக்கர வண்டி) வாங்கினேன். தடியான கையுறை போட்டும் பத்து நிமிடத்தில் விரல் மரத்துப் போகிறது. ஹீட்டட் கிரிப், அதாவது மின்சாரத்தில் சூடாகும் கைப்பிடி, மாட்டலாமா? நானே செய்ய முடிகிற வேலையா?

பதில்: தாராளமாகச் செய்யலாம் தம்பி, அரை நாள் வேலைதான். ஆனால் நான் செய்த தவறை நீங்கள் செய்ய வேண்டாம். கைக்குக் கிடைத்தது என்று மோட்டார் சைக்கிள் செட் ஒன்றை வாங்கிவந்தேன். பைக்கில் வலது கிரிப்பை முறுக்குவோம், அதனால் அதன் உள்துளை இடதைவிடப் பெரிது. பெரும்பாலான ஏடிவிகளில் த்ராட்டில் (ஆக்ஸிலரேட்டர்) என்பது கட்டைவிரலால் தள்ளும் ஒரு லீவர். இரண்டு கிரிப்பும் திரும்பாமல் 22 மி.மீ. ஹேண்டில்பார் கம்பிமேல் அப்படியே உட்கார வேண்டும். என் வலது கிரிப் லொடலொடவென்று ஆடியது. டேப் சுற்றிச் சுற்றி இரண்டு வாரம் ஓட்டிவிட்டு, அப்புறம் கழற்றிப் போட்டேன். ஏடிவிக்கென்றே வரும் செட்டைக் கேட்டு வாங்குங்கள்.

அதற்கும் முன்னால் ஒன்று: காற்றை நிறுத்துங்கள். கிரிப் உள்ளங்கையைத்தான் சூடாக்கும். வண்டி போகும்போது எதிர்க்காற்று புறங்கையில் அடித்துக்கொண்டே இருந்தால் அந்தச் சூடு எந்த மூலைக்குப் போதும்? ஹேண்டில்பாரோடு சேர்த்துக் கட்டுகிற பெரிய கை உறைகள் உண்டு, கையை அப்படியே உள்ளே நுழைத்துக்கொள்ளலாம். முதலில் அதை வாங்கிப் பாருங்கள், பலருக்கு அதுவே போதும். பிறகு கிரிப்பும் மாட்டினால், உறைக்குள் மெல்லிய கையுறை போதும். தடிக் கையுறை குளிரைத் தடுக்கிற மாதிரியே கிரிப்பின் சூட்டையும் தடுத்துவிடும்.

கிரிப்பில் இரண்டு வகை. சூடேற்றும் கம்பி உள்ளேயே வைத்து வருவது ஒன்று. இருக்கிற கிரிப்புக்கு அடியில் ஒட்டுகிற மெல்லிய பட்டை இன்னொன்று. நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். பழகிய கிரிப் கையிலேயே இருக்கும், பழுதானால் பட்டையை மட்டும் மாற்றலாம். ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: ஹேண்டில்பார் இரும்பு. சூட்டில் ஒரு பங்கை அதுவே உறிஞ்சிக்கொள்ளும். ஹேண்டில்பார்மேல் முதலில் ஹீட் ஷ்ரிங்க் குழாய் (சூடுபட்டால் சுருங்கி இறுகும் பிளாஸ்டிக் குழாய்) ஒரு அடுக்கு போட்டு, அதன்மேல் பட்டையை ஒட்டினால் வித்தியாசம் கையிலேயே தெரியும்.

பழைய கிரிப்பைக் கழற்ற, மெல்லிய ஸ்க்ரூடிரைவரை அடியில் நுழைத்துச் சோப்புத் தண்ணீர் விட்டுத் திருகுங்கள், வழுக்கிக்கொண்டு வரும். பிறகு ஹேண்டில்பாரை ஆல்கஹால் போட்டு நன்றாகத் துடையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் எந்தப் பசையும் நிற்காது. சூடேற்றும் கம்பி உள்ளே இருக்கும் கிரிப் என்றால் சுத்தியலால் தட்டி ஏற்றவே கூடாது, உள்ளே அறுந்துவிடும். ஒயர் வெளியே வரும் இடம் பிரேக் லீவரிலோ த்ராட்டில் பெட்டியிலோ உரசாமல் திருப்பி வையுங்கள். பசை காய்வதற்குள் ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்க ஒடித்துப் பாருங்கள். ஒயர் இழுபட்டால் அப்போதே சரிசெய்துவிடலாம்.

மின்சாரம்தான் பலர் கோட்டை விடுகிற இடம். ஒரு ஜோடி கிரிப் சுமார் 30 முதல் 50 வாட் வரை இழுக்கும், அதாவது 3 ஆம்பியர் சொச்சம். நேராக பேட்டரியில் கொடுத்துவிட்டு ஒருநாள் அணைக்க மறந்தால், மறுநாள் காலை வண்டி உறுமாது. கடுங்குளிரில் பேட்டரியின் பலம் ஏற்கெனவே பாதிக்கு இறங்கியிருக்கும். அதனால் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக ஒரு ரிலேவுக்கு (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) கொடுத்து, அங்கிருந்து கிரிப்புக்கு எடுத்து, அந்த ரிலேவைச் சாவி போட்டால் மட்டும் உயிர்பெறும் ஒயரோடு இணையுங்கள். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். பேட்டரி இணைப்பைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது அது கடைசியில். இணைப்புகளில் டைஎலக்ட்ரிக் கிரீஸ் (ஈரம் புகாமல் தடுக்கும் கிரீஸ்) தடவுங்கள், ஒயர் எதுவும் சைலன்சர் பக்கம் போக வேண்டாம்.

கேள்வி: நன்றி அண்ணா. என் வண்டியில் பனி பிளேடைத் தூக்க வின்ச் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் மோட்டார்) இருக்கிறது. இரண்டையும் தாங்குமா?

பதில்: நல்ல கேள்வி. பனி தள்ளும்போது எஞ்சின் பெரும்பாலும் மெதுவாகத்தான் ஓடும். அப்போது ஸ்டேட்டர் (எஞ்சினில் மின்சாரம் உண்டாக்கும் பாகம்) கொடுக்கும் மின்சாரமும் குறைவு. விளக்கு, கிரிப் இரண்டையும் போட்டுவிட்டு எஞ்சினை ஐடிலில் விட்டு, பேட்டரி முனைகளில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 13 வோல்ட்டுக்கு மேல் நின்றால் கவலையில்லை. 12.5க்குக் கீழே இறங்கினால் பேட்டரியிலிருந்து உருவுகிறது என்று அர்த்தம். கிரிப்பைக் குறைந்த சூட்டில் வையுங்கள், வின்ச் இழுக்கும் நேரத்தில் அணைத்துவிடுங்கள்.

சொல்ல விட்டுவிட்டேன். எல்லாம் மாட்டியும் வலது கட்டைவிரல் மட்டும் விறைக்கும், ஏனென்றால் அது கிரிப்பில் இல்லை, லீவரில் இருக்கிறது. அந்த லீவரில் ஒட்டவென்றே சின்ன ஹீட்டர் தனியாகக் கிடைக்கும், சில செட்டில் கூடவே வரும். அதன் ஒயரைக் கொஞ்சம் தளர்வாக விடுங்கள். இறுக்கிக் கட்டினால் த்ராட்டில் திரும்பி வராமல் மாட்டிக்கொள்ளும். எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் முன் லீவரை நாலைந்து முறை தள்ளி விட்டுப் பாருங்கள், டக்கென்று பழைய இடத்துக்கு வர வேண்டும்.