புதுப்பிப்பு: பிளஸ் டூ மதிப்பெண் பயம், கணக்கைத் தாளில் போட்ட பிறகு

காரைக்குடிப் பக்கம் பொறியியலுக்குப் போக நினைக்கும் பிள்ளைகளுக்காகப் போன வாரம் போட்ட இழையில், "600-ஐ மறந்துவிட்டு கட்-ஆஃபைப் பாருங்கள்" என்று மட்டும் சொல்லியிருந்தோம். 600 என்பது பிளஸ் டூவின் மொத்த மார்க்; கட்-ஆஃப் என்பது பொறியியல் சேர்க்கைக்கு மூன்று பாடங்களை மட்டும் வைத்துப் போடும் கணக்கு. எப்படி என்று பலரும் கேட்டதால் இந்தச் சேர்க்கை.

கணிதம் முழுசாக 100, இயற்பியலும் வேதியியலும் பாதிப்பாதி, ஆக 200. கணிதம் 88, இயற்பியல் 64, வேதியியல் 70 என்றால் 88 + 32 + 35 = 155. தமிழில் ஏழெட்டுக் குறைந்ததற்காக ராத்திரியெல்லாம் விழித்திருக்கிறார்களே, அது இந்தக் கணக்கில் வரவே வராது. கணிதத்தில் போன ஒரு மார்க் ஒன்றுதான். இயற்பியலில் போனது அரை.

மார்க் குறைவு என்று சந்தேகமிருந்தால் முதலில் விடைத்தாள் நகல். அதை வாங்காமல் மறுமதிப்பீடு கேட்க முடியாது. இங்கேதான் பலர் தவறவிடுகிறார்கள்: அழுதுமுடித்து நிமிர்வதற்குள் கடைசித் தேதி போய்விடுகிறது. நகல் வந்ததும் பக்கவாரியாகக் கூட்டுங்கள்; மார்க் போடாமல் விட்ட விடை இருக்கிறதா என்று கடைசிப் பக்கம் வரை புரட்டுங்கள். கூட்டல் பிழைக்கு மறுகூட்டல், திருத்தத்தில் குறை என்றால் மறுமதிப்பீடு.

தேர்ச்சி போயிருந்தால் துணைத்தேர்வு அதே ஆண்டிலேயே வரும். வருஷம் வீணாகாது.

வீட்டுப் பெரியவர்களுக்கு ஒன்று: வீட்டு முகப்பில் வந்து உட்காரும் உறவுக்காரர்கள் "எத்தனை மார்க்?" என்று கேட்டால் பதிலை நீங்களே சொல்லிவிடுங்கள், பிள்ளையைக் கூப்பிட வேண்டாம். பிள்ளைக்குத் தூக்கமும் சாப்பாடும் நின்றுபோனால் 14416-ஐ அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் அது; கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.