கூட வந்தவள்: உங்களுக்கு அவள் யார்? எழுதுங்க

காளிகோயில் தெருக்காரி (ரங்கோன், பர்மா):

எல்லாருக்கும் வணக்கம். கஷ்ட காலத்துல புத்தி சொல்றவங்க நமக்கு நிறையப் பேர் கிடைப்பாங்க. செருப்பை மாட்டிக்கிட்டு நம்ம கூடக் கிளம்பி வர்ற பெண் எத்தனை பேருக்கு வாய்ச்சா? அவளைப் பற்றி எழுதுங்க. முதல்ல என் கதையைச் சொல்லிடறேன்.

எங்க வீடு அனோரதா ரோட்டுக்கு உள்ளே தள்ளின சந்துல, மூணாவது மாடி. லிஃப்ட் கிடையாது. நாலாவது மாடியில லாத்தா, முஸ்லிம் அக்கா. இங்கே இருக்கறவங்களுக்குத் தெரியும், ஒவ்வொரு பால்கனியிலயும் தெரு வரைக்கும் ஒரு கயிறு தொங்கும். கீழ் நுனியில கிளிப், மேலே ஒரு சின்ன மணி. காய்காரம்மா பையைக் கிளிப்புல மாட்டிக் கயிறை ஆட்டினா மேலே மணி அடிக்கும், நாம இழுத்துக்கணும். லாத்தாவுக்கும் எனக்கும் சண்டை வந்ததே அந்தக் கயிறால. அவங்க இழுத்த பையில இருந்து மீன் தண்ணி சொட்டி என் மகளோட பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை வீணாப்போச்சு. அன்னைக்கு நான் பேசின பேச்சை இப்ப நினைச்சாலும் கூசுது. அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் மாடிப்படியில எதிரெதிரே வந்தாக்கூட முகம் பார்க்கலை.

2021 ஜூலை. கொரோனா மூணாவது அலை. பிப்ரவரியில ராணுவம் ஆட்சியைப் பிடிச்சதுல இருந்தே அதை எதிர்த்து அரசு ஆஸ்பத்திரி டாக்டருங்க பலர் வேலைக்குப் போகலை. மருந்து வேணும்னா வாசல்ல வெள்ளைத் துணி கட்டணும், சாப்பாடு வேணும்னா மஞ்சள் துணி. அக்கம்பக்கம் பார்த்து உதவட்டும்னு ஊருக்குள்ள அப்படி ஒரு வழக்கம் வந்திருந்தது. எங்க வீட்டுல மாமியாருக்கும் வீட்டுக்காரருக்கும் ஒரே நாள்ல காய்ச்சல். விரல்ல மாட்டுற மீட்டர்ல மாமியாருக்கு ஆக்சிஜன் 84தான் காட்டுச்சு. வெள்ளைத் தலையணை உறையை எடுத்துப் பால்கனிக் கம்பியில கட்டினேன். கை நடுங்கி முடிச்சே விழலை.

அரை மணிகூட ஆகலை. என் கண்ணுக்கு நேரா ஒரு கயிறு இறங்குது. கிளிப்புல தூக்குச்சட்டி. இஞ்சி தட்டிப் போட்ட கஞ்சி. மேலே இருந்து குரல்: "புள்ள, சிலிண்டர் இருக்கா?"

இல்லைன்னேன். சாயங்காலத்துக்குள்ள பள்ளிவாசல் ஆளுங்களைக் கேட்டு 40 லிட்டர் சிலிண்டர் ஒண்ணு கொண்டுவந்துட்டாங்க. எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், நிரப்புற இடத்துல மாறிப்போகக் கூடாதுன்னு சிவப்பு நகப்பூச்சால கழுத்துல ரெண்டு கோடு போட்டாங்க. 40 லிட்டர் சிலிண்டரை முழுசா நிரப்பினா கிட்டத்தட்ட 6,000 லிட்டர் ஆக்சிஜன். நிமிஷத்துக்கு 5 லிட்டர் வைச்சா 20 மணி நேரம் வரும், 10 வைச்சா 10 மணி நேரம்தான். காலண்டர் பின்பக்கத்துல இந்தக் கணக்கை எழுதி, எப்ப தீரும், எப்ப வரிசைக்குக் கிளம்பணும்னு ரெண்டு பேரும் முறை போட்டுக்கிட்டோம். ஒரு நாள் நான், ஒரு நாள் லாத்தா. படியில கம்பளியை விரிச்சு, பக்கத்து வீட்டுப் பையனோட சேர்ந்து ஒவ்வொரு படியா உருட்டுவோம். அவங்களுக்கு அப்பவே முட்டி வலி.

வீட்டுக்காரர் பிழைச்சுட்டார். மாமியார் ஒன்பதாம் நாள் போயிட்டாங்க. எடுத்துட்டுப் போக வந்தவங்க யாரையும் கூட வர விடலை. லாத்தா மட்டும் மாடி மாடியா அவங்க பின்னாடியே இறங்கி, தெருக்கதவு வரைக்கும் ஓதிக்கிட்டே போனாங்க. நான் மேலே நின்னு "சிவாய நம"ன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன். வேற ஒண்ணும் வாயில வரலை.

உங்க கதையைச் சொல்லுங்க.

மோல்மேன் மருமகள்:

அக்கா, படிச்சு முடிச்சதும் என் சிநேகிதிக்குத்தான் போன் போட்டேன். அவ மோன் இனத்துப் பொண்ணு. அஞ்சாம் வகுப்புல இருந்து ஒரே பெஞ்சு.

என் கதை அட்டைக் கதை. 1982 சட்டப்படி இந்த நாட்டுக் குடியுரிமையில மூணு தரம். முழுக் குடிமக்களுக்கு இளஞ்சிவப்பு அட்டை, இணைக் குடிமக்களுக்கு நீலம், விண்ணப்பிச்சு வாங்கினவங்களுக்குப் பச்சை. எங்க தாத்தா காலத்துலயே இங்கே வயல் உழுதவங்க, ஆனா கையில காகிதம் இல்லைன்னா மூணுல எதுவும் இல்லை. பஸ் டிக்கெட்டுக்கு அட்டை, வழியில நிறுத்தினா அட்டை, எதுக்கெடுத்தாலும் அட்டை. எனக்கு 26 வயசு வரைக்கும் அது இல்லை. அப்பா நாலு தடவை போய் அவமானப்பட்டுத் திரும்பி வந்து, "நமக்கு வேண்டாம் தாயி"ன்னுட்டார்.

இவதான் விடலை. குடும்பப் பட்டியல் படிவம் 66/6, பாட்டி பிறந்த காகிதம், பள்ளிக்கூடச் சான்று எல்லாத்தையும் ஒரு பிளாஸ்டிக் உறையில போட்டு, அதைத் தன் பைக்குள்ள வைச்சுக்கிட்டா. நான் பதட்டத்துல தொலைச்சிடுவேனாம். ஆறு தடவை போனோம். ஆறு தடவையும் தன் டியூஷனை நிறுத்திட்டு வந்தா. எனக்கு பர்மியப் பேச்சு நல்லாவே வரும், ஆனா அந்த மேஜை முன்னாடி நின்னா நாக்கு ஒட்டிக்கும். அவளுக்குத் தமிழ்ல மூணே வார்த்தைதான் தெரியும்: சாப்பிட்டியா, வா போகலாம், பயப்படாதே. எங்கம்மாகிட்ட கத்துக்கிட்டது. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என் பாட்டி பேரை மூணாவது முறையா, குரலை உயர்த்திக் கேட்டப்ப, அவ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காம, மெதுவா "பயப்படாதே"ன்னா. அவருக்குப் புரியலை. எனக்குப் புரிஞ்சது. பேரைச் சொன்னேன், பாட்டி ஊரைச் சொன்னேன், வருஷத்தைச் சொன்னேன்.

இளஞ்சிவப்பு அட்டைதான் வந்தது. ஏழாவது தடவை வாங்கப் போனப்ப அவ வரலை, "இதுக்கு நீயே போ"ன்னுட்டா. அன்னைக்கு அவமேல எனக்குக் கோபம். இப்ப என் நாத்தனாருக்கும் ஓரகத்திக்கும் காகிதம் சேர்த்து நான்தான் கூடப் போறேன். உறையைப் பைக்குள்ள வைச்சுக்கறதும் நான்தான்.

வியாசர்பாடிப் பேத்தி (சென்னை):

நாங்க அங்கிருந்து வந்த குடும்பம், நடுவுல வர்றேன், மன்னிக்கணும். எங்க அப்பாயி பெகுவுல இருந்தவங்க. 1964 மே மாசம் 50, 100 க்யாட் நோட்டு செல்லாதுன்னு அறிவிச்சாங்க. கடையும் அரசாங்கத்துக்குப் போயிடுச்சு. கப்பல் ஏறும்போது நகையைக் கொண்டுபோக விடமாட்டாங்கன்னு பயம். பக்கத்து வீட்டு பர்மிய அம்மா, அப்பாயிக்கு அவங்க மமா (அக்கா), தான் தினமும் முகத்துல பூசற தனாக்கா மரப்பட்டையை அரைக்கிற வட்டக் கல்லைத் துணியில சுத்தி மடியில வைச்சு, "இதை யாரும் பிடுங்க மாட்டாங்க"ன்னாங்களாம். துறைமுகம் வரைக்கும் வந்தாங்களாம். அந்தக் கல் இப்பவும் எங்க வீட்டுல இருக்கு, சுக்கு உரசுறோம். அந்த மமா பேர் அப்பாயியோட போயிடுச்சு. கேட்டு வைச்சிருக்கலாம்னு இந்த இழையைப் படிக்கும்போது தோணுது.

சிரியம் அரிசிக்காரி:

நான் சந்தைல அரிசி விக்கறவ. கதை சொல்லத் தெரியாது, எங்க சீட்டு பத்திச் சொல்றேன். யாருக்காவது உதவும்.

நாங்க பன்னிரண்டு பொம்பளைங்க பணச் சீட்டு நடத்திட்டு இருந்தோம். தமிழச்சிங்க ஏழு பேர், பர்மாக்காரங்க நாலு, கரேன் இனத்து அக்கா ஒருத்தி. 2021 பிப்ரவரிக்கு அப்புறம் பாங்கு மூடி, ஏடிஎம்ல வரிசை, உங்களுக்கே தெரியும். அதைவிட மோசம் விலை. 2021 ஜனவரியில ஒரு டாலர் 1,330 க்யாட் இருந்தது, 2024-ல வெளிச்சந்தையில 4,000-த்தைத் தாண்டிப் போச்சு. சீட்டுல இதனால என்ன ஆகும்னா, முதல் மாசம் எடுத்தவளுக்கு லாபம், கடைசியா எடுக்கறவளுக்கு அதே தொகைக்குப் பாதிச் சாமான்கூட வராது. அப்படிக் கடைசியில நின்னவ புருஷன் இல்லாத ஒருத்தி, மொய்ங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) விக்கறவ. அவ ஒண்ணும் கேட்கலை. கேட்காததுதான் எங்களைத் தூங்க விடலை.

அந்தக் கரேன் அக்காதான் சொன்னா, பணத்தை விடுங்கடி, அரிசியாப் போடலாம்னு. ப்யிங்கறது இங்கே அரிசி அளக்கற படி. ஒரு மூட்டை 24 ப்யி, 108 பவுண்டு. பன்னிரண்டு பேர், ஆளுக்கு ரெண்டு ப்யி. கணக்குத் தானா வந்து உட்கார்ந்தது பாருங்க! ஒரு ப்யிக்கு எட்டுப் பால் டின். மாசம் முதல் ஞாயிறு ஒவ்வொருத்தியும் பதினாறு டின் அரிசியை என் கடைக்குக் கொண்டுவருவா, இல்லைன்னா அன்னைக்கு விலைக்குப் பணம் கொடுத்து என்கிட்டயே அளந்து போடுவா. ஒருத்திக்கு முழு மூட்டை போகும். முதல் ஆளுக்கும் ஒரு மூட்டை, பன்னிரண்டாவது ஆளுக்கும் அதே மூட்டை. ஒரே ரகம், போன வருஷ அறுவடை கலக்கக் கூடாதுன்னு மட்டும் ஒரு சட்டம். டின்னைத் தலைதட்டித்தான் அளப்போம், கூம்பு கிடையாது.

நடுவுல ஒருத்தி மூட்டையை எடுத்துட்டு ரெண்டு மாசம் போட முடியலை. சண்டை வந்தது, மறைக்க மாட்டேன். ரெண்டு பேர் விலகறேன்னாங்க. விசாரிச்சா மகனை எல்லை தாண்டி அனுப்பக் கடன் வாங்கியிருக்கா. அவ கடைக்கு நாங்க முறைவச்சு ஆள் நின்னோம், அவ வெளியில துணி தைச்சு நாலு மாசத்துல கட்டிட்டா. அந்த மொய்ங்காக்காரிக்கு இந்தச் சுத்துல முதல் மூட்டை. அதை யாரும் ஓட்டுப் போட்டு முடிவு பண்ணலை, அவ வாசல்ல போய் இறக்கிட்டு வந்துட்டோம்.

பேர் வேண்டாம்:

எல்லாரும் கூட வந்தவளைப் பற்றி எழுதறீங்க. நான் கூடப் போகாதவ.

2016. என் சிநேகிதி ராத்திரி ஒன்பது மணிக்கு என் வீட்டுக் கதவைத் தட்டினா. கன்னத்துல தனாக்கா கனமாப் பூசியிருந்தா. ராத்திரியில யார் பூசுவா? கீழே நீலமா வீங்கியிருந்தது. நான் உட்காரவச்சு டீ கொடுத்தேன். புள்ளைங்க முகத்தைப் பார்த்துப் பொறுத்துப் போன்னு சொன்னேன். எங்கம்மா எனக்குச் சொன்னது அது, அதையே சொன்னேன். ஒரு டம்ளர் டீ குடிச்சுட்டு அவ தனியா எழுந்து அந்த வீட்டுக்கே திரும்பிப் போனா. தெருமுனை வரைக்கும்கூட நான் போகலை.

பெண்கள் மேல நடக்கிற வன்முறைக்கு எதிரா ஒரு மசோதா வருது வருதுன்னு வருஷக்கணக்காச் சொன்னாங்க. 2020 ஜனவரியில நாடாளுமன்றத்துக்கும் வந்தது. சட்டமாகலை. அதனால அவளுக்குப் போக இடம் என் வீடு மாதிரி வீடுங்கதான், நான் என்ன செஞ்சேன்னு சொல்லிட்டேன்.

இப்ப அவ தாய்லாந்து எல்லையில இருக்கற மெசோட்டுல தையல் வேலை பார்க்கறா. புள்ளைங்களும் அங்கேதான். அவளைக் கூட்டிட்டுப் போனது யாரோ ஒரு காய்கறிக்காரி, எனக்குப் பழக்கம் இல்லாதவ. போன வருஷம் போன் பண்ணி, "அந்த டீயில நீ சர்க்கரை அதிகமாப் போட்டிருந்தே, எனக்குப் பிடிக்கும்னு"ன்னு சொல்லிச் சிரிச்சா. திட்டியிருந்தாத் தாங்கியிருப்பேன்.

என் வீட்டுப் பின்கதவுச் சாவி இப்ப எங்க தெருவுல மூணு பெண்கள்கிட்ட இருக்கு. ஒருத்தி ரெண்டு தடவை வந்திருக்கா. ரெண்டாவது தடவை காலையில அவகூடவே போய் அவளோட துணிமணியை எடுத்துட்டு வந்தேன். அவ புருஷன் வாசல்ல நின்னார். எனக்குக் கால் நடுங்குச்சு, போனேன்.

மோல்மேன் மருமகள்:

பேர் சொல்லாத அக்கா, அந்தச் சிநேகிதி போன் பண்ணினாங்க இல்லையா. உங்க நம்பரை இத்தனை வருஷம் வைச்சிருந்திருக்காங்க. அவங்க போனை எடுங்க, நீங்களும் போடுங்க.

சிரியம் அரிசிக்காரி:

அக்கா, உங்ககிட்ட வந்து நிக்கற பெண்ணுக்கு முதல் மாசச் சோறு எங்க பொறுப்பு. சிரியத்துல இருந்து பஸ்ல மூட்டை போட்டு விடறேன். நாங்க பன்னிரண்டு பேரும் பேசிட்டோம், ஆளுக்கு ரெண்டு ப்யிதானே.

காளிகோயில் தெருக்காரி:

சிரியத்து மூட்டை என் விலாசத்துக்கு வரட்டும். பஸ்ஸ்டாண்டுல இருந்து எடுத்துட்டு வந்து, பேர் சொல்லாத அக்கா எங்கே சொல்றாங்களோ அங்கே கொண்டுபோய் நானே கொடுக்கறேன். தனித்தகவல்ல சொல்லுங்கக்கா, இங்கே எழுத வேண்டாம். ஊர் தூரமா இருந்தாலும் பரவாயில்லை.

மணி அடிக்குது. கரண்ட் இருக்கற நேரத்துல தண்ணி ஏத்தணும், லாத்தாவால இப்ப முட்டி மடக்கி மோட்டார் போட முடியாது, அதுக்குத்தான் கயிறை ஆட்டறாங்க. போட்டுட்டு வர்றேன்.