வீட்டில் 158, ஆய்வகத்தில் 139: சர்க்கரை பார்ப்பதில் உங்கள் அனுபவம் என்ன?

வயலூரான்:

எனக்குச் சர்க்கரை நோய் வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. மாத்திரை பழகிவிட்டது, சோற்றைக் குறைத்துக்கொள்வதும் பழகிவிட்டது. இந்த அளவு பார்க்கும் வேலை மட்டும் இன்னும் பழகவில்லை.

போன வாரம் ஆய்வகத்துக்குக் கிளம்பும் முன் வெறும் வயிற்றில் வீட்டு மீட்டரில் பார்த்தேன், 158. மாலையில் வந்த ஆய்வக அறிக்கையில் 139. இரண்டில் எது உண்மை? எதை நம்பி மருத்துவர் மாத்திரையைக் கூட்டுவார், குறைப்பார்? ஆய்வகக் கணக்குத்தான் கணக்கு என்றால் வீட்டில் நான் விரலைக் குத்திக்கொள்வது எதற்கு?

ரத்தச் சொட்டு வைக்க மீட்டரில் செருகும் ஸ்ட்ரிப்பின் விலையோ கண்ணைக் கட்டுகிறது. ரத்தம் கொஞ்சம் குறைந்தாலும் திரையில் பிழைக் குறி வந்துவிடும். அந்த ஸ்ட்ரிப் குப்பைக்கு, விரலுக்கு இன்னொரு குத்து. சாப்பிட்ட பின் பார்க்கும் சோதனைக்கு "இரண்டு மணி நேரம் கழித்து வாருங்கள்" என்கிறார்கள். சாப்பிட ஆரம்பித்ததிலிருந்தா, கை கழுவியதிலிருந்தா என்று கேட்டால் ஒருவர் ஒன்று சொல்கிறார், அடுத்தவர் வேறு சொல்கிறார். அரை நாள் விடுப்பு போட்டு இதற்காக அலைகிறேன். உங்களுக்கு எப்படி?

ஓய்வுபெற்ற ஆசிரியர்:

தம்பி, உங்கள் சலிப்பு நியாயமானது. ஆனாலும் என் அப்பா பட்ட பாட்டைச் சொல்லத் தோன்றுகிறது. 1970களில் எங்கள் வீட்டில் மீட்டர் ஏது? பெனடிக்ட் கரைசல் ஒரு பாட்டிலில் இருக்கும், நல்ல நீல நிறம். சோதனைக் குழாயில் 5 மில்லி கரைசல், அதில் எட்டு சொட்டு சிறுநீர். ஸ்பிரிட் விளக்கில் காய்ச்ச வேண்டும். நீலம் மாறாமல் இருந்தால் சிறுநீரில் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி, மிக அதிகமானால் செங்கல் நிறம். குழாயைப் பிடிப்பது என் வேலை. நிறம் மாற மாற அப்பாவின் முகத்தைத்தான் பார்ப்பேன்.

அதில் பெரிய குறை ஒன்று இருந்தது. ரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ 180ஐத் தாண்டினால்தான் சிறுநீரில் இறங்கும். அதனால் 170 இருந்தாலும் நீலம்தான், 50க்கு விழுந்தாலும் அதே நீலம்தான். அப்பா இன்சுலின் போட்டுக்கொண்டவர். நடு இரவில் உடம்பெல்லாம் வியர்த்து, பேச்சு குழறி உட்கார்ந்திருப்பார். அளந்து பார்க்க வழியே இல்லை. அம்மா வியர்வையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, யோசிக்காமல் சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுப்பார். ஐந்து விநாடியில் எண் சொல்லும் கருவி அன்று இருந்திருந்தால் எத்தனை இரவு அவர்கள் இருவரும் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்! அதனால்தான் சொல்கிறேன், குறை இருந்தால் சொல்லுங்கள், பார்ப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

வீணையின் அம்மா:

ஐயா எழுதியதைப் படித்துக் கண் கலங்கிவிட்டது. என் மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள், முதல் வகை நீரிழிவு. அவளுக்கு இன்சுலின்தான் உயிர். ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்கு முன்னும், படுக்கும் முன்னும் பார்த்தாக வேண்டும். உடம்பு சரியில்லாத நாளில் நடுச்சாமத்திலும் பார்க்க வேண்டும். தூங்கும் குழந்தையின் கையைப் போர்வைக்குள்ளிருந்து எடுக்கும்போது அவளாகவே, கண்ணைத் திறக்காமலே, ஒரு விரலை நீட்டுவாள்.

அவள் வீணை கற்கிறாள். இடது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் யாரும் தொடக்கூடாது, தந்தியை அழுத்துவது அவைதான் என்று அவளே விதி வைத்திருக்கிறாள். மோதிர விரல், சுண்டு விரல் என்று மாற்றி மாற்றிப் பக்கவாட்டில் குத்துகிறோம். நுனியின் நடுவைவிட ஓரத்தில் வலி குறைவு. அப்படியும் கரும்புள்ளிகள் விழுந்துவிட்டன.

இந்த வலியை அவள் தாங்கிக்கொள்கிறாள். உறவினர்களின் பேச்சைத்தான் தாங்க முடியவில்லை. "இனிப்பை வாரிக் கொடுத்துக் கெடுத்துவிட்டாய்" என்று என்னிடமே சொல்கிறார்கள். முதல் வகை நீரிழிவு இனிப்பால் வருவதல்ல. இன்சுலின் சுரக்கும் செல்களை உடம்பின் எதிர்ப்பாற்றலே அழித்துவிடுவதால் வருவது. மீட்டரில் 240 என்று வந்தால் குழந்தை "நான் ஒன்றும் சாப்பிடவில்லை அம்மா" என்று அழுகிறாள். எண்ணைப் பார்த்ததும் குற்றவாளிபோல் பேச இந்த வயதிலேயே அவளுக்குக் கற்றுக் கொடுத்தது நாம் எல்லோரும்தான். இப்போது எங்கள் வீட்டில் "நல்ல சுகர், கெட்ட சுகர்" என்ற பேச்சே கிடையாது. கூட, குறைய, அவ்வளவுதான்.

கையில் ஒட்டிக்கொண்டு சர்க்கரையைத் தொடர்ந்து காட்டும் சென்சாரும் வைத்துப் பார்த்தோம். 14 நாள் வரும், ஆயிரக்கணக்கில் விலை. அந்தக் கையை அழுத்திப் படுத்தால் சர்க்கரை இறங்கிவிட்டதாக நள்ளிரவில் அலறும். பதறி எழுந்து விரலில் குத்திப் பார்த்தால் 120 இருக்கும். ஆனாலும் பள்ளி நேரத்தில் அது பெரிய ஆறுதல். வாங்க முடிந்த மாதத்தில் வாங்குகிறோம்.

தேக்கா:

சிங்கப்பூரில் இருக்கிறேன். தஞ்சாவூரிலிருந்து அம்மா வந்திருந்தபோது இங்கே மருத்துவரிடம் காட்டினோம். "9.2" என்றார். அம்மா அங்கேயே ஆடிப்போய்விட்டார். "சர்க்கரை ஒன்பதா? நான் நடந்துதானே வந்தேன்!" இங்கே லிட்டருக்கு மில்லிமோல் கணக்கு, ஊரில் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு. 18ஆல் பெருக்கினால் 166 வரும் என்று புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வெளிநாட்டில் மீட்டர் வாங்கி ஊருக்குக் கொடுத்தனுப்புகிறவர்கள் முதலில் அலகைப் பாருங்கள். பல மீட்டர்களில் அதை மாற்றவே முடியாது.

ரத்தக்குழாய்:

நான் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள். வயலூரான் சார், உங்கள் இரண்டு எண்ணும் பொய்யில்லை. மீட்டர்களுக்கான சர்வதேசத் தரம், 100க்கு மேல் போனால் ஆய்வக அளவிலிருந்து 15 சதவீதம் வரை கூடவோ குறையவோ காட்டலாம் என்கிறது. 139க்கு அந்த எல்லை 118 முதல் 160 வரை. உங்கள் 158 அதற்குள்தான் நிற்கிறது. மாத்திரையை முடிவு செய்ய மருத்துவர் ஆய்வக அளவையும் மூன்று மாதச் சராசரியையும் பார்ப்பார். இன்று சாப்பிட்ட பொங்கல் எவ்வளவு ஏற்றியது, இப்போது தலை சுற்றுவது சர்க்கரை இறங்கியதாலா என்பதையெல்லாம் வீட்டு மீட்டர்தான் சொல்ல முடியும்.

ஆய்வகத்திலும் தவறு நடக்கும். எடுத்த ரத்தத்தைச் சாதாரணக் குழாயில் அப்படியே வைத்தால் ரத்த அணுக்கள் சர்க்கரையைச் செலவழித்துக்கொண்டே இருக்கும், மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். அதனால்தான் புளோரைடு போட்ட சாம்பல் மூடிக் குழாய். அதிலும் மாதிரியை நாள் முழுக்கப் போட்டுவைக்காமல் சீக்கிரம் அணுக்களைப் பிரித்துவிட வேண்டும். எந்தக் குழாயில் எடுக்கிறார்கள் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

இரண்டு மணி நேரம் என்பது முதல் வாய் வைத்ததிலிருந்து. இதை ரசீதிலேயே எழுதிக் கொடுக்கலாம், ஏன் கொடுப்பதில்லை என்று எனக்கே கோபம் வரும். இன்னொன்று, சோதனை நாளில் பலர் மாத்திரையும் போடாமல் வந்து காலைச் சிற்றுண்டியை முடித்துவிட்டு ரத்தம் கொடுக்கிறார்கள். அப்போது எகிறத்தான் செய்யும். மருத்துவர் வேறு மாதிரி சொல்லாவிட்டால், சிற்றுண்டியோடு வழக்கமாகப் போடுவதைப் போட்டுக்கொண்டுதான் இரண்டாவது ரத்தம் கொடுக்க வேண்டும்.

குத்தும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவி நன்றாகத் துடையுங்கள். மாம்பழம் நறுக்கிய கையோடு பார்த்த ஒரு பாட்டிக்கு முந்நூறை ஒட்டி வந்தது, கழுவிவிட்டுப் பார்த்தால் அதில் பாதி. ரத்தம் வரவில்லையென்று விரலைப் பிழியாதீர்கள், திசுநீர் கலந்துவிடும். ஸ்ட்ரிப் டப்பாவை ஸ்கூட்டர் பெட்டிக்குள் வெயிலில் விடாதீர்கள். ரத்தசோகை இருந்தால் பல மீட்டர்கள் கூட்டிக் காட்டும். நம் பெண்களுக்கு இதை யாரும் சொல்வதேயில்லை.

நாற்றங்கால்:

எங்களுக்குக் கிருஷ்ணகிரிப் பக்கம். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் தொடங்கியதே எங்கள் மாவட்டத்தில்தான். அத்தைக்கு மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது. அத்தை காலமெல்லாம் நாற்று நட்டவர், விரலெல்லாம் காய்ப்பு. விரலைக் குத்தும் பேனாவில் ஊசியை எவ்வளவு ஆழமாக வைத்தாலும் ஒரு சொட்டு வருவதில்லை. குத்திக் குத்தி அவரே வெறுத்துப்போய் "வேண்டாம் கண்ணு, விடு" என்று கையை இழுத்துக்கொள்கிறார். ஆய்வக அக்கா, வேறு எங்காவது குத்தலாமா?

ரத்தக்குழாய்:

குத்தலாம். முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் கையைக் கொஞ்ச நேரம் வைத்திருங்கள், பிறகு கையைத் தொங்கவிட்டு உதறச் சொல்லுங்கள், ரத்தம் இறங்கும். சுண்டு விரல், மோதிர விரல் ஓரத்தில் காய்ப்பு குறைவாக இருக்கும். அதிலும் வராவிட்டால் கட்டை விரலுக்குக் கீழே உள்ளங்கையின் மேட்டில் குத்தலாம், மீட்டரோடு வந்த புத்தகத்தில் அனுமதித்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முன்கையில் எடுத்தால் ரத்தத்தில் நடப்பது சற்றுப் பிந்தித்தான் தெரியும். அதனால் அத்தைக்கு நடுக்கமோ வியர்வையோ வந்தால் முன்கையை நம்பவே நம்பாதீர்கள். அந்த நேரத்தில் மீட்டரைத் தேடிக்கொண்டும் இருக்காதீர்கள், முதலில் சர்க்கரைத் தண்ணீரைக் கொடுங்கள்.